பதினைந்து பைசா ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு நண்பர் வந்திருந்தார். டிவியில் ஒரு பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் பாடி முடித்தான். நடுவர் எழுந்து நின்றார், இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் இப்போ வந்த வியாதி சார், அந்தக் காலத்துல இப்படியா?" என்றார் நண்பர். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிவிக்கும் எனக்கும் உறவு தொடங்கியதே தபால் ஆபீஸ் கவுண்டரில்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பித்தார்கள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது போல டிவிக்கும் லைசென்ஸ் உண்டு. பணத்தைத் தபால் ஆபீஸில்தான் கட்ட வேண்டும். என் வீட்டில் டிவி கிடையாது, ஆனால் எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் டிவி இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. சாலிடேர் வைத்திருப்பவர் யார், டயனோரா வைத்திருப்பவர் யார் என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வேன். 1985ல் அந்த லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் நாங்கள் ஒரு கறுப்பு வெள்ளை செட் வாங்கியிருந்தோம். லைசென்ஸ் வசூலித்தவன் லைசென்ஸ் கட்டியது ஒரே ஒரு தடவை.

1984ல் இரண்டு ஹிந்தித் தொடர்கள் வந்தன. ஒன்று 'ஹம் லோக்'. அதை ஊரே பார்த்தது. இன்னொன்று 'யே ஜோ ஹை ஜிந்தகி'. இந்தியில் குடும்ப நகைச்சுவைத் தொடர் என்ற வழக்கத்தைப் போட்டுக்கொடுத்தது அதுதான். ஒரு கணவன், ஒரு மனைவி, மனைவியின் தம்பி. சதீஷ் ஷா என்ற நடிகர் வாராவாரம் வேறு வேறு வேஷத்தில் வருவார். எங்கள் வீட்டில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. என் மனைவிக்கு 'நஹி', 'அச்சா' இரண்டுதான் தெரியும். ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள். "வசனம் புரியலையே, எதுக்குச் சிரிக்கிறே?" என்று கேட்டேன். "அந்தத் தம்பி சாப்பாட்டு மேஜைகிட்ட வர நடையைப் பாருங்கோ, அப்படியே உங்க தம்பி" என்றாள். உண்மைதான்.

தமிழில் அப்போது நகைச்சுவைக்குப் பஞ்சமே இல்லை. சபாக்களில் இருந்தது, அங்கிருந்து தூர்தர்ஷனுக்கு வந்தது. எஸ்.வி. சேகர், ஒய்.ஜி. மகேந்திரன், காத்தாடி ராமமூர்த்தி, கிரேஸி மோகன் எல்லாரும் மேடையில் பழகியவர்கள். எந்த இடத்தில் சிரிப்பு வரும், அது அடங்க எத்தனை விநாடி விட வேண்டும் என்பது அவர்களுக்கு உடம்பில் ஊறிய கணக்கு. கிரேஸி மோகன் நாடகம் என்றால் மாது இருப்பான், சீனு இருப்பான், கதாநாயகிக்கு ஜானகி என்று பெயர் இருக்கும். பெயர் மாறாததால் நமக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அந்த வரிசையில் நான் மிக உயர்வாக வைப்பது 1990களின் இறுதியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. முதல் வாரம் பார்த்தபோதே எனக்கு வந்த கவலை, இந்த வீட்டுக்கு 'ரமணி' என்று பதிவுத் தபால் வந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதுதான். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தொடரில் கொலை இல்லை, சொத்துத் தகராறு இல்லை, யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. இரண்டு பேர் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துவதில் இருக்கும் அற்பச் சண்டைகள் மட்டும்தான். அரை மணி நேரத்தில் சண்டை ஆரம்பித்து, வளர்ந்து, அசடு வழிந்து முடிந்துவிடும். தேவதர்ஷினி நடித்த இரண்டாம் பாகமும் நன்றாகவே இருந்தது. சன் டிவியில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' இன்னொரு வகை. அது கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. ஆனால் எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபியை மறக்க முடியுமா?

இந்த வகைத் தொடர்கள் ஏன் மறைந்தன? மக்களின் ரசனை கெட்டுப்போய்விட்டது என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. சில வருஷங்களில் தினசரித் தொடர்கள் வந்தன. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' எல்லாம் அந்த அலைதான். நகைச்சுவைத் தொடருக்கு அரை மணி நேரத்தில் விஷயம் முடிய வேண்டும். முடிந்தால்தான் சிரிப்பு. தினசரித் தொடருக்கோ விஷயம் முடியவே கூடாது. முடிந்துவிட்டால் நாளைக்கு யார் பார்ப்பார்கள்? வாரம் ஒரு நாள் சிரிக்க வைக்க ஒருவர் உட்கார்ந்து ஆறு நாள் எழுதலாம். தினமும் சிரிக்க வைக்க எந்த மனிதனாலும் முடியாது. ஆனால் தினமும் அழ வைக்கலாம். இந்தக் கணக்கில்தான் சிரிப்பு தோற்றது.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

பாட்டுப் போட்டி என்றால் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பி.எச். அப்துல் ஹமீது. 'பாட்டுக்குப் பாட்டு' முதலில் இலங்கை வானொலியில் பிறந்தது. பிறகுதான் சன் டிவிக்கு வந்தது. அவர் ஒரு எழுத்தைச் சொல்வார், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். தோற்றவர்களும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அந்தத் தமிழ் உச்சரிப்பைக் கேட்பதற்காகவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. ஏ.வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' இன்னும் கொஞ்சம் கறாரானது. அங்கே சுருதி, தாளம், பாவம் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வார்கள். நன்றாகப் பாடினால் பாராட்டு, இல்லையென்றால் எங்கே தவறினாய் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பாடகரின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் 'ஆடிஷன்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அந்தச் சொல் டிவி மூலம் வரவில்லை. அகில இந்திய வானொலி மூலம் வந்தது. 1950களின் தொடக்கத்தில் கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்தபோது கலைஞர்களைத் தேர்வு செய்து தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதில் முக்கியமான விதி, பாடுபவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, காதில் விழும் குரல் மட்டும்தான். அந்த நாளில் பெரிய வித்வான்கள் பலர் இதை அவமானம் என்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் முகத்தை மறைத்துக் குரலைக் கேட்பதற்குப் பெயர்தான் ஆடிஷன் என்று ஒரு காலம் இருந்தது. இப்போது முகத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். முகத்துக்குப் பின்னால் வீட்டைக் காட்டுகிறார்கள். பாட்டு மூன்றாவதாக வருகிறது.

பார்வையாளர் ஓட்டுப் போடுவதும் புதிதில்லை. இது என் இலாகா விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூர்தர்ஷனில் 'சுரபி' என்ற நிகழ்ச்சி ஞாபகம் இருக்கும். சித்தார்த் கக்கும் ரேணுகா ஷஹானேயும் நடத்துவார்கள். வாரம் ஒரு கேள்வி கேட்பார்கள். பதிலைத் தபால் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரே வாரத்தில் 14 லட்சம் கார்டு வந்ததாக அந்த நாளில் பெரிய பேச்சு. பாமரன் தன் தாய்க்கு எழுத வேண்டும் என்பதற்காக இலாகா நஷ்டப்பட்டு விற்ற 15 பைசா கார்டு அது. அந்தக் கார்டு மூட்டை மூட்டையாகப் பரிசுப் போட்டிக்குப் போனது. சார்ட்டிங்கில் இருந்தவர்கள் இடுப்பொடிந்தார்கள். கடைசியில் இலாகா ஒரு வழி கண்டுபிடித்தது. போட்டிக்கென்றே தனிக் கார்டு, விலை 2 ரூபாய். பின்னால் அது 10 ரூபாய் ஆயிற்று. "அதே அட்டைதானே சார், எதுக்கு இவ்வளவு?" என்று கவுண்டரில் சண்டை போடாத ஆள் கிடையாது. நானும் சளைக்காமல் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கும் அந்தக் கார்டில் ஆசை உண்டு. வாரம் ஒன்று வாங்கி, கோணல் மாணலாகப் பதில் எழுதி, "ஆபீஸ் போறச்சே இதைப் போட்டுடுங்கோ" என்று சட்டைப்பையில் வைப்பாள். ஒன்றுக்கும் பரிசு வந்ததில்லை.

பிறகு செல்போன் வந்தது, எஸ்.எம்.எஸ். வந்தது, தபால் கார்டு செத்தது. 2006ல் விஜய் டிவியில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது. ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் மூவரும் நடுவர்கள். ஆரம்பத்தில் நான் அதை மிகவும் ரசித்தேன், மறைக்கவில்லை. குரல் பயிற்சிக்கென்று அனந்த் வைத்தியநாதன் வந்தார். மூச்சை எங்கே எடுக்க வேண்டும், குரலை எங்கிருந்து விட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுப்பதை என் மனைவி நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பாள். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. அந்தக் கதை நம் வீடுகளில் புதிதா என்ன? அந்த நோட்டை வைத்துக்கொண்டு எங்கள் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அதே சமயத்தில் சிரிப்பும் போட்டியாகிவிட்டது. 2005ல் 'கலக்கப்போவது யாரு'. சிவகார்த்திகேயன் அங்கிருந்து வந்தவர் என்பது ஊரறிந்த விஷயம். திறமைசாலிகள்தான். ஆனால் நான் கவனித்தது ஒன்று. நகைச்சுவைத் தொடரில் சிரிப்பு, பாத்திரத்தைப் பழகப் பழக வரும். ரமணி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நாம் சிரித்துவிடுவோம், ஏனென்றால் அவனை நமக்குத் தெரியும். போட்டியில் சில நிமிஷத்துக்குள் சிரிக்க வைத்தாக வேண்டும், நடுவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு நாம் சிரிக்கிறோம். 2007ல் கலைஞர் டிவி தொடங்கி, 'மானாட மயிலாட' வந்தபோது ஆட்டமும் முழுசாகப் போட்டியானது. அப்புறம் புதுச் சொற்கள் வந்தன. எலிமினேஷன், டேஞ்சர் ஜோன், ஒயில்டு கார்டு. எனக்குத் தெரிந்த கார்டு மூன்றுதான், சாதா கார்டு, ரிப்ளை கார்டு, போட்டி கார்டு. வெளியே அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிடும் கார்டு எங்கள் இலாகாவில் இல்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று நெடுநாள் யோசித்தேன்.

2011ல் நான் ரிட்டயர் ஆனேன். அந்த வருஷக் கடைசியில் என் மனைவி காலமானாள். நாலு மாதம் கழித்து ஒரு சேனலில் குழந்தைகளுக்கான பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. பேத்திக்கு ஒன்பது வயது. பையனுக்கும் மருமகளுக்கும் அரை மனசு. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டி சொல்லிக்கொடுத்ததை ஊர் கேட்கட்டும் என்று ஆசை. வெயிலில் நீண்ட வரிசை. முதல் சுற்றில் தேறிவிட்டாள், இரண்டாவதிலும் தேறினாள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, பாப்பா பத்தி ஏதாவது சொல்லுங்க. வீட்டுல கஷ்டம், இழப்பு, அந்த மாதிரி ஏதாவது?"

நான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நாலு மாதமாக அவளைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் இருந்தேன். கேட்டார், கொட்டிவிட்டேன். நோட்டுப்புத்தகத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

மேடையில் பேத்தி பாட்டி சொல்லிக்கொடுத்த ஊத்துக்காடு பாட்டு ஒன்றை எடுத்தாள். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டது. நின்றாள். மறுபடி எடுத்தாள், மறுபடி அங்கேயே தட்டியது. அழ ஆரம்பித்துவிட்டாள். நடுவர் கூப்பிட்டு, "பாட்டி ஞாபகம் வந்துடுச்சா கண்ணு?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

ஆனால் அந்த அழுகை போயிற்று. நிகழ்ச்சி வருவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள், மணிக்கொரு தடவை அதைத்தான் விளம்பரமாகப் போட்டார்கள். வயலின் சோகமாக இழுக்க, பேத்தி அழுகிறாள், நடுவர் கண்ணைத் துடைக்கிறார். நிகழ்ச்சியிலும் வரி மறந்த இடத்தைக் காட்டவில்லை. பாடிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பாட்டியை நினைத்து அழுவது போல ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். தெரியாதவர்கள்கூடக் கடைத்தெருவில் நிறுத்தி அவள் கன்னத்தைத் தடவி "பாவம்" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் அழுவதைப் போல நடித்துக் காட்டினார்கள்.

ஒரு நாள் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு சொன்னாள். "தாத்தா, நான் பாட்டிக்காக அழலை. வரி மறந்துபோச்சுன்னு அழுதேன். அந்த ஆன்ட்டி கேட்டப்போ இல்லைன்னு சொன்னா பாட்டி மேல பாசம் இல்லைன்னு நினைச்சுப்பாங்களோன்னு தலையாட்டினேன். நான் பொய் சொல்லிட்டேனா தாத்தா?"

ஒன்பது வயதுக் குழந்தை இந்தக் கேள்வியை எத்தனை நாள் சுமந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பொய் சொன்னது நீ இல்லையம்மா என்றேன். அந்த வருஷம் நவராத்திரிக்குப் பாடச் சொன்னபோது, தொண்டை சரியில்லை என்றாள். அடுத்த வருஷமும் தொண்டை சரியில்லை. பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

குழந்தைகளை டிவி நிகழ்ச்சிகளில் எப்படி நடத்த வேண்டும் என்று குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் வழிகாட்டு நெறிகள் வகுத்திருக்கிறது. 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும், நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்கு மீறி ஆடவைக்காதீர்கள் என்று சேனல்களுக்கு அறிவுறுத்தியது. நல்லது. ஆனால் தாத்தாக்களுக்கு எந்த ஆணையம் அறிவுறுத்தும்?

'பிக் பாஸ்' 2017 ஜூனில் தமிழுக்கு வந்தது. 1999ல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' என்ற நிகழ்ச்சியின் வழித்தோன்றல். கமல்ஹாசன் நடத்தினார். நண்பர்கள் எல்லாம் திட்டினார்கள், திட்டிக்கொண்டே தினமும் பார்த்தார்கள், நானும்தான். ஓவியாவுக்காக ஊர் உருகியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது, இது நம் பழைய குடும்பத் தொடர்தானே? ஒரே வீடு, ஒரே சமையலறை, பாத்திரம் யார் தேய்ப்பது என்று சண்டை, மூலையில் இருவர் மூன்றாமவரைப் பற்றி முணுமுணுப்பு. அங்கே எழுதுவதற்கு நாகா மாதிரி ஒருவர் இருந்தார், நடிக்கிறவர்களுக்கும் நடிக்கிறோம் என்று தெரியும். இங்கே எழுத்தாளர் இல்லை என்கிறார்கள். நான் நம்ப மாட்டேன். வெட்டி ஒட்டுகிறவர் எழுத்தாளர்தான். ஒரு நாள் முழுவதும் நடப்பதில் ஒரு மணி நேரத்தைப் பொறுக்கி எடுப்பவர் கையில்தான் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது இருக்கிறது. என் வீட்டிலேயே பார்த்துவிட்டேனே.

எல்லாமே கெட்டுப்போயிற்று என்று முடிக்கவும் மனசில்லை. 2019 கடைசியில் தொடங்கி, கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது சக்கைப்போடு போட்ட 'குக் வித் கோமாளி'யைச் சொல்லியாக வேண்டும். பேருக்குச் சமையல் போட்டி. யார் ஜெயித்தார் என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டும். ஆனால் புகழ், மணிமேகலை, சிவாங்கி, பாலா எல்லாரையும் நினைவிருக்கிறது. சிவாங்கி 'சூப்பர் சிங்கரி'ல் பட்டம் வாங்காமல் வந்தவர். செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் வாத்தியார் போல முறைக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிடுவார்கள். வாராவாரம் அதே ஆட்கள், அதே சேட்டைகள், பழகப் பழகச் சிரிப்பு. தொலைந்துபோன நகைச்சுவைத் தொடர், போட்டி என்ற சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். என் மனைவி இருந்திருந்தால் அந்தப் புகழைப் பார்த்துவிட்டு என் தம்பியைத்தான் சொல்லியிருப்பாள்.

பேத்திக்கு இப்போது 22 வயது. வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து யூடியூப்பில் பழைய 'ரமணி வெர்சஸ் ரமணி' பார்ப்பாள். சிரிக்கும்போது அவள் பாட்டி சிரிப்பு அப்படியே இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் காட்டினேன், போடலாமா என்று கேட்டேன். போனில் நிதானமாகப் படித்தாள். "போடுங்க தாத்தா" என்றாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். வரி மறந்தது முதல் சரணத்தில் என்று நான் எழுதியிருந்தேன். "இரண்டாவது சரணம்" என்றாள். மாற்றிவிட்டேன்.